பள்ளத்துப் பக்கம் உயரமான ஆள்

கொழுந்து வெட்டும் மெஷின் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது யாரையும்விட அதிகம் குதித்தது நான்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த நேரம். அதைப்பற்றிக் கிடைத்த வீடியோ எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்து நடக்க, மூன்றாவது ஆள் பின்னால் பையைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். எட்டுப் பேர் எடுக்கும் கொழுந்தை மூன்று பேர் எடுத்துவிடலாம்.

"அப்ப மிச்ச அஞ்சு பேரு?" என்றார் அம்மா.

அதற்குப் பதிலை மறுநாள் காலை, வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில், கங்காணி சொன்னார். மெஷின் ஆண்களுக்கு, அதற்குக் கூலியும் அதிகம். கொழுந்து பறிக்கும் அம்மாவின் செட்டில் இருக்கும் எட்டுப் பெண்களுக்கும் புல்வெட்டு, வாரத்தில் மூன்றே நாள்.

"எங்ககிட்டயும் ஒருக்கா குடுத்துப் பாருங்களேன்" என்று அம்மா கேட்டுவிட்டார். கங்காணி சிரித்துக்கொண்டே சனிக்கிழமை என்றார்.

ஆண்கள் வெட்டுவதைப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே உயரம். சரிவில் கீழே நின்றவருக்குக் கை எட்டவில்லை. மெஷின் சாய்ந்து, பைக்குள் முற்றிய குச்சியும் விழுந்தது. பள்ளத்துப் பக்கம் உயரமான ஆள், மேட்டுப் பக்கம் குள்ளமான ஆள்! ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா நல்ல உயரம். செட்டிலேயே குள்ளம், பக்கத்து வீடான அடுத்த காம்பரா அத்தை. தண்ணீர் பிடிக்கும் பீலியில் யார் குடம் முதலில் என்று சண்டை போட்டு, இருவரும் பேசி இரண்டு வருஷம்.

ஆனாலும் நான் கூப்பிட்டதும் அத்தை வந்தார். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால், துணி காயப்போடும் மூங்கிலை மெஷினாகப் பிடித்துப் பழகினார்கள். பின்னால் உரப்பையோடு நான்.

"உங்கம்மாவ மெதுவா நடக்கச் சொல்லு. காலு நீளம்னா ஓடணுமா?"

"கட்டக் காலு உள்ளவங்கள எட்டி வைக்கச் சொல்லு."

சனிக்கிழமை மெஷின் அலறிய அலறலில் என் தூது ஒன்றும் எடுபடவில்லை. பாதி நிரையில், செடிகளுக்குள் ஒரு பட்டமரக் கட்டை. அத்தைதான் பார்த்தார்.

"அண்ணி, தூக்குங்க!"

அம்மா தூக்கினார். பிளேடு தப்பியது.

கங்காணி செடிகளின் தலையைக் கையால் தடவிப் பார்த்தார். மேசை போலச் சமமாக இருந்தது. "சரி, திங்கக்கிழமையிலருந்து நீங்களே பிடிங்க."

"பை பிடிக்கிறது நாளுக்கு ஒருத்தி" என்றார் அம்மா.

"ஆமா. மிச்ச ஆறு பேரும் மெஷின் கூலி பாக்கட்டும்" என்றார் அத்தை.

"நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தப்பவே நல்லாருந்துச்சு" என்று தலையைச் சொறிந்தார் கங்காணி. ஆனால் ஒத்துக்கொண்டார்.

வாரத்தில் ஒரு நாள் மெஷின், மூன்று நாள் புல்வெட்டு. ஆறு பேரில் ஒருவருக்கு அந்தக் கூலி கட்டுபடியாகவில்லை. தன் வெள்ளிக்கிழமை வருமுன்பே கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் பை பிடிப்பது நான்.

"அவ திரும்பி வந்தா எடத்த குடுத்துறணும்" என்கிறார் அம்மா, ஒவ்வொரு வெள்ளியும்.

"உங்க மக குடுப்பா, குடுப்பா. நீங்க முன்னுக்குப் பாத்து நடங்க, அண்ணி" என்கிறார் அத்தை.