பகலில் போட்ட தாழ்ப்பாள்

வெள்ளைக்காரன் காலம். கொல்லிமலைக் குண்டனி நாட்டுக்கு நில அளவைக் குமாஸ்தாவாகப் போனேன். சமவெளியில் பிறந்து வளர்ந்த எனக்கு அது வேற்று தேசமாகவே இருந்தது. குடியேறிய மறுநாள் காலை, சாமை அடிக்கும் களத்தைச் செருப்புக் காலோடு குறுக்கே கடந்தேன். எல்லார் கையும் நின்றது. தானியம் கிடக்கும் களத்தில் செருப்பு படக்கூடாது என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

பிற்பகலில் ஐந்து பேர் கொடுவாளோடு என் வீட்டை நோக்கி வந்தார்கள். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். வெளியே மூங்கில் வெட்டும் சத்தம். பிறகு தலைக்கு மேல் கூரை அதிர்ந்தது. வீட்டைப் பிய்க்கிறார்கள் என்றே நினைத்தேன்.

"ஏனுங்க, வெளிய வாங்க! தூசி உளுகுது" என்று எதிர்வீட்டுப் பெண் கத்தினாள்.

தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தேன். வானம் கறுத்திருந்தது. மட்கிய புல்லை எடுத்துவிட்டு, புதுப் புல் வேய்ந்துகொண்டிருந்தார்கள்.

"என்மேல் கோபமில்லையா?"

"கோவந்தானுங்க" என்றார் கூரைமேல் இருந்தவர். "அதுக்காவ மழையில நனைய உட முடியுங்களா?"

பட்டப்பகலில் ஏன் தாழ்ப்பாள் போட்டேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இத்தனை வருஷம் அதைச் சுமந்திருக்க மாட்டேன்.