சொக்கலிங்கத்தின் கடைக்கு வந்த அந்துப்பூச்சி

அப்புத்தளைப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பதுளையிலிருந்து வந்த வண்டிக்காரர் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாத்தியாரய்யா, ஜவுளிக்கடை முதலாளி தவறிட்டாருங்க. காய்ச்சல்னு படுத்தவரு எந்திரிக்கல."

பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். சொக்கலிங்கம் போய்விட்டார்.

பதுளைக் கடைத்தெருவில் அவரை அறியாதவர்கள் இல்லை. ஆனால் என்னைப் போலவே அந்துப்பூச்சிகளைத் தேடிச் சேர்த்தவர் என்பது சிலருக்கே தெரியும். நாங்கள் நண்பர்கள். அவர்மேல் நான் பொறாமைப்படாத நாட்கள் குறைவு.

உடலை வளைத்து வளைத்து நகரும் காவடிப்புழுவிலிருந்து வரும் சாம்பல்நிற அந்து ஒன்றை நான் அப்புத்தளைச் சரிவில் பிடித்துக் கொழும்பிலிருந்த பூச்சி நிபுணருக்கு அனுப்பியிருந்தேன். "இது ஆண். இதன் பெண்ணை இதுவரை யாரும் கண்டதில்லை" என்ற பதிலோடு பூச்சியும் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணைத் தேடிப் பல மழைக்காலங்கள் அட்டைக்கடி பட்டு அலைந்தேன்.

ஒருநாள் காலையில் சொக்கலிங்கத்தின் கடைக்குப் போயிருந்தேன். விற்பனைக்குத் தொங்கவிட்ட வேட்டியில் பழுப்பு அந்து ஒன்று இறக்கை விரித்து ஒட்டியிருந்தது.

"என்ன பூச்சிங்க இது?" என்று கேட்டார்.

"எங்கேயும் இருக்கிறதுதான். விடுங்க."

"இருக்கட்டுங்க. பேர் சொல்ல என்ன அவசரம்?" என்று கண்ணாடித் தம்ளரால் அதை மூடினார்.

அது முட்டையிட்டது. பொரித்த புழுக்களுக்கு ஒவ்வோர் இலையாகக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் கொய்யா இலையில் வளர்த்தார். கூட்டிலிருந்து வெளிவந்தவற்றில் சில தாயைப் போலப் பழுப்பு. மற்றவை சாம்பல், இறகு போன்ற உணர்கொம்புகள். என்னுடைய ஆண் அந்துவேதான். நான் காடெல்லாம் தேடிய பெண் அன்று என் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. நான்தான் விடச் சொன்னேன்.

நிபுணரின் பாராட்டு அவருக்குப் போனது. நியாயம்தான். ஆனாலும் அதன்பின் நான் பதுளைப் பக்கம் போகவில்லை. அவரே ஒருநாள் மலையேறி வந்தார்.

"கோவமாங்க?"

"கோவமில்ல. பொறாமை."

"அப்ப சரி. கோவம்னாத்தான் நான் பயப்படணும்" என்று சொல்லிவிட்டு, என் மனைவியிடம் காப்பி கேட்டார். எனக்கென்று ஒரு பெண் அந்துவை ஊசியில் குத்திப் பதமாகக் கொண்டுவந்திருந்தார்.

தகனத்துக்குப் போய்த் திரும்பியதும் என் பூச்சிப் பெட்டியைத் திறந்தேன். என் ஆணுக்குப் பக்கத்தில் அவருடைய பெண். இப்போதும் வயிறு எரிகிறது. வேறு யார்மேலும் எனக்கு இப்படி எரிந்ததில்லை. அந்தப் பூச்சியும் இந்த எரிச்சலும் அவர் கொடுத்தவை. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.