புதன்கிழமைச் சாப்பாடு

அருள்செல்வியோடு சாப்பிடப் போவது லேசான காரியம் இல்லை. வேகமாகச் சாப்பிட்டால் திட்டுவாள். முடித்த கையோடு எழுந்தால் அதற்கும் திட்டுவாள். சப்ளையர் குழம்பு வாளியோடு அவசரமாக வந்தால், "ஏன் ஓடுதீரு? யாரு உம்மைத் துரத்துதா?" என்று கேட்டு, அவர் முகம் சுருங்கும்வரை விடமாட்டாள். அப்படியிருந்தும் மாதத்தில் ஒரு புதன்கிழமை, இரண்டு பெண்கள் அவளோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையத்துக்குச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். தங்கபாய் மூத்தவள், சூப்பர்வைசர் நாற்காலிக்குக் காத்திருந்தவள். நூர்னிசா இளையவள், அதிகம் பேசாதவள். நடுவில் அருள்செல்வி. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எதிரே போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். டிபன் பாக்ஸைத் திறந்து நாலு வாய் போடுவதற்குள் கூமாப்பட்டிக்காரர் ஒருவர் மதுரைக்கு லைன் கேட்டுக் கத்துவார். வேலை நாளில் ருசியென்று எதுவும் நாக்கில் நின்றதில்லை. அதனால்தான் வார விடுப்பை மாற்றிப் போட்டு, மூவருக்கும் சேர்ந்தாற்போல ஒரு புதன்கிழமையைப் பிடித்தார்கள். எண்பத்தாறில் தொடங்கிய பழக்கம் அது.

அருள்செல்விக்குச் சாப்பாட்டில் இருந்த பிடிவாதத்துக்கு ஒரு கதை உண்டு. இருபத்திரண்டு வயதில் சாத்தூரில் ஒரு பெரிய குடும்பத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, மாமியார் சாப்பிட்டு, கடைசியில் மருமகள்கள் அடுப்படியில் நின்றபடியே சட்டியை வழித்துத் தின்ன வேண்டும். உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. உட்கார இடம் இருந்ததில்லை, அவ்வளவுதான். நாலு வருடம் பொறுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போய்வந்த கையோடு ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு போய் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் எல்லாரும் பார்க்க அடித்தான். மறுநாள் பெட்டியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தாள்.

பாதிரி ஐயரும் சபை மூப்பர்களும் கூடிப் பேசினார்கள். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, "எனக்கு உக்காந்து சாப்பிடணும்" என்றாள். மூப்பர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்காதவர் அவள் அண்ணன் எலியேசர் ஒருவர்தான். பள்ளிக்கூடமொன்றில் ஹெட் கிளார்க், சபைக் கமிட்டியில் முக்கியமான ஆள். வெளியே வந்ததும், "குடிக்கான், வேற பொம்பளை வச்சிருக்கான்னு சொல்லியிருந்தாக்கூட மருவாதியா இருந்திருக்கும். சோத்துக்குப் போயி வந்துட்டாளாம்!" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். அன்றிலிருந்து அண்ணன் தங்கைக்குள் நல்ல பேச்சு இல்லை. அவள் மடவார் வளாகத்தில் வாடகைக்கு வீடு பிடித்துத் தனியாக இருந்தாள். எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்ததும் அதற்குப் பிறகுதான்.

ராஜபாளையத்தில் அவர்கள் போனது பஞ்சு மார்க்கெட் பக்கம் வைகுண்டராஜ் அண்ணாச்சியின் ஓட்டலுக்கு. கடைக்கோடியில் பலகைத் தடுப்பு வைத்து, பச்சைத் திரை போட்டு 'பேமிலி ரூம்' என்று எழுதியிருப்பார். புருஷன் இல்லாமல் மூன்று பெண்கள் வந்து அதில் உட்காருவது அவருக்குப் பிடிக்கவில்லை. சுக்காவும் ஈரலும் விறால் குழம்புமாக அவர்கள் சாப்பிட்ட சாப்பாடுதான் அவர் வாயை அடைத்திருந்தது. நூர்னிசா அங்கே கறி தொடமாட்டாள். மீனும் முட்டையும் மட்டும்.

அதோடு ஒயினும் உண்டு. பன்னீர் திராட்சை மலிந்த நேரத்தில் வாங்கிச் சர்க்கரை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை சேர்த்துச் சாடியில் ஊறப்போட்டு, அருள்செல்வி தன் கையால் வடித்தது. கிறிஸ்துமஸுக்கு வேதக்கார வீடுகளில் செய்வதுதான். மற்றவர்கள் வருடத்தில் ஒருநாள் சிறு கிளாஸில் ஊற்றுவார்கள். இவள் மாதாமாதம் பிளாஸ்கில் கொண்டுவந்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். தங்கபாய்க்கு ஒரு டம்ளர், தனக்கு இரண்டு. நூர்னிசாவுக்குக் கலர் சோடா. ஒரு கவளம், ஒரு மிடறு, கொஞ்சம் ஊர்வம்பு. வெயில் தாழும்வரை எழுந்திருக்கமாட்டார்கள்.

தொண்ணூற்றொன்றில் ஒரு புதன்கிழமை அது கெட்டது.

அதற்கு முந்தின மாதமே விதை விழுந்துவிட்டது. தங்கபாய் அவசர அவசரமாகப் பிசைந்து தின்றதைப் பார்த்து அருள்செல்வி, "வீட்டுல அவிய பிரம்போட வாசல்ல நிக்காகளாக்கும்?" என்றாள். தங்கபாயின் புருஷன் கோபக்காரர் என்பது ஊருக்கே தெரியும். நூர்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். தங்கபாய் சிரித்தாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் எலியேசரிடம் போய், உம்ம தங்கச்சி எந்த ஓட்டலில் என்ன குடிக்கிறாள் என்று சொல்லிவிட்டாள். எலியேசர் மகளுக்கு அப்போது தூத்துக்குடியில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தங்கை வீட்டுக்குப் போய்த் திட்டுவார் என்றுதான் தங்கபாய் நினைத்திருக்க வேண்டும். அவர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ராஜபாளையத்துக்கே வருவார் என்று நினைக்கவில்லை.

திரை விலகியபோது அருள்செல்வி இரண்டாவது டம்ளரை ஊற்றிக்கொண்டிருந்தாள். இலையில் சோறும் குழம்பும் பாதி இருந்தது.

"ஏட்டி, எந்திரி" என்றார் எலியேசர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் ரசத்துக்கே வரல."

"எந்திரிங்கேன். நாலு பேரு பாக்க நடுவீதியில குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க. என் மவளுக்கு எவன் வருவான்?"

"நடுவீதி இல்லண்ணே. திரை போட்டிருக்கு. நீதான் தெறந்து வச்சிருக்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வைகுண்டராஜ் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். எலியேசர் அவரிடம் திரும்பி, "வீட்டுல வடிச்ச சரக்கை வச்சிக் குடிக்க எடம் குடுக்கீரா? போலீசுக்குப் போன் போடட்டா?" என்றார்.

"போடு" என்றாள் அருள்செல்வி. "போன் கல்லாவுல இருக்கு. ஸ்டேசன் நம்பர் நான் சொல்லுதேன்."

வெளி மேசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எலியேசரைக் கெடுத்தது. பிளாஸ்கைப் பிடுங்கித் தங்கை இலையில் கவிழ்த்தார். ஒயின் சோற்றில் இறங்கி, இலை மடிப்பு வழியாக ஓடி, அவள் சேலையில் சொட்டியது. நூர்னிசா எழுந்துவிட்டாள். தங்கபாய் சுவரைப் பார்த்தாள்.

அருள்செல்வி முந்தானையால் மடியைத் துடைத்தாள். இலையை மடித்து ஓரமாகத் தள்ளினாள். "அண்ணாச்சி, எலை போடச் சொல்லுங்க" என்றாள். "மொதல்ல இருந்து கொண்டுவாங்க. சோறு, கோழிக்குழம்பு, சுக்கா, எல்லாம்."

"ஏம்மா, பிரச்சினை வேண்டாம்மா..."

"சோத்துக்குத்தான வந்திருக்கேன்? ஓட்டல்ல சோறு இல்லையா?"

வைகுண்டராஜ் சப்ளையருக்குக் கை காட்டினார். இலை வந்தது.

அவள் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "உக்காரணும்னா உக்காரு, உனக்கும் ஒரு எலை போடச் சொல்லுதேன். இல்லன்னா நின்னு பாரு. நான் நாலு வருசம் நின்னேன்ல, நீ செத்த நேரம் நில்லு."

அவர் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. போனால் தோற்றதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அங்கேயே திரையைப் பிடித்தபடி நின்றார். அவள் சாப்பிட்டாள். முன்னைவிட மெதுவாகச் சாப்பிட்டாள். எலும்பை உறிஞ்சினாள். வைகுண்டராஜ் ஃபேனை நிறுத்தச் சொன்னார். வேர்த்து ஊற்றியது. அவள் ரசம் கேட்டாள். சப்ளையர் ஒருவர் பக்கத்து மேசை நாற்காலிகளைத் தூக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் காலடியிலேயே ஈரத் துணி போட்டுத் துடைத்தார். அவள் காலைத் தூக்கிக்கொண்டு மோர் கேட்டாள்.

தங்கபாய்க்கு அது பொறுக்கவில்லை. "வா அருளு, போயிரலாம். அண்ணன்கிட்ட எதுக்கு வம்பு?" என்று எழுந்தாள்.

எலியேசர் பேச இடம் கிடைத்ததுபோல் தங்கையிடம், "அக்கா சொல்லுததைக் கேளு. அவிய சொன்னதுனாலதான் எனக்கே தெரிஞ்சிது. உன்மேல அக்கறை இருக்கப்போயித்தான சொன்னாக" என்றார்.

அருள்செல்வியின் கை இலையில் நின்றது.

"உக்காருங்க தங்கபாயக்கா" என்றாள் அருள்செல்வி. "எலையில சோறு கெடக்கு. சாப்பிட்டு முடிங்க. அதுக்குப் பொறவு நமக்குள்ள பேச்சு கெடையாது."

தங்கபாய் உட்கார்ந்தாள். கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டாள். எலியேசர் கடைசியில் திரையை இழுத்து எறிந்துவிட்டுப் போனார்.

அன்றோடு அண்ணன் உறவு முடிந்தது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. தூத்துக்குடிக்காரர்கள் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. சபையில் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். அவள் வழக்கமான பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். இடம் தாராளமாக இருக்கிறது என்று கைப்பையை அங்கே வைத்துக்கொண்டாள்.

வைகுண்டராஜ் பலகைத் தடுப்பையே பிரித்துவிட்டார். அடுத்த மாதம் போனபோது, "இனிமே பார்சல் வேணும்னா வாங்கிக்கிடுங்கம்மா" என்றார்.

"பார்சல் வாங்கவா பஸ் ஏறி வாரேன்? உம்ம சுக்காவுல உப்புக் கூடுதல். இத்தனை வருசமா சொல்லாம இருந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நூர்னிசாவும் அவளும் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடி ஓட்டலைப் பிடித்தார்கள். அங்கேயும் முறைத்தார்கள். முறைப்பு அவளுக்குப் பழகிப்போயிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து பதிலுக்கு முறைத்தாள்.

எக்ஸ்சேஞ்சில்தான் கொடுமை. அவளுக்கும் தங்கபாய்க்கும் அடுத்தடுத்த நாற்காலி. முழங்கை இடிக்கிற தூரம். "மதுரை பிஸி", "விருதுநகர் லைனில் இருக்கு" என்று வேலைக்கு வேண்டியதை மட்டும் போர்டைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார்கள். தங்கபாய் கிறிஸ்துமஸுக்கு முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். அருள்செல்வி அந்தச் சம்புடத்தைத் தள்ளி நூர்னிசா பக்கம் வைத்தாள். தங்கபாய் சூப்பர்வைசர் ஆனபோதும் அப்படித்தான். கையெழுத்து வாங்க வேண்டிய காகிதத்தைக்கூட நூர்னிசா கையில்தான் கொடுத்தனுப்பினாள். பிறகு போர்டைக் கழற்றி எடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் வந்தது. ஆளுக்கொரு அறை ஆயிற்று. அது இருவருக்குமே நிம்மதியாக இருந்தது.

தொண்ணூற்றாறில் தங்கபாய் ஓய்வு பெற்றாள். பிரிவு விழாவன்று அருள்செல்வி லீவு. அதற்கடுத்து வந்த புதன்கிழமை, மாடி ஓட்டலில் அவளும் நூர்னிசாவும் உட்கார்ந்திருந்தபோது தங்கபாய் மூச்சு வாங்கப் படியேறி வந்து மேசை அருகே நின்றாள். புருஷன் இறந்து வருஷம் திரும்பியிருந்தது. ஆள் இளைத்திருந்தாள்.

நூர்னிசா நகர்ந்து இடம் விட்டாள். அருள்செல்வி நகரவில்லை. சப்ளையரைக் கூப்பிட்டு, "பக்கத்து டேபிள்ல ஒரு எலை போடுங்க" என்றாள்.

தங்கபாய் அந்த மேசையில் போய் உட்கார்ந்தாள். மீன் குழம்பு கேட்டாள். சாப்பிட்டாள். அவளை அவசரப்படுத்த இப்போது வீட்டில் யாரும் இல்லை. கை கழுவிவிட்டு, இந்தப் பக்கம் பார்க்காமலே இறங்கிப் போனாள்.

"மன்னிச்சிரலாம்லக்கா?" என்றாள் நூர்னிசா.

"அது எப்பமோ மன்னிச்சாச்சு. கூட உக்காந்து திங்கத்தான் முடியல."

மறுமாதமும் தங்கபாய் வந்தாள். அதே பக்கத்து மேசை. அதற்கடுத்த மாதமும் வந்தாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வெயில் தாழும்வரை மூவரும் சாப்பிட்டார்கள்.