புதுச்சத்திரம் சாலையில் இரண்டு குடம் தண்ணீர்

எண்பத்து மூன்றாம் ஆண்டு, சித்திரை மாதம். காலை எட்டு மணிக்குச் சேலம் அம்மாபேட்டையிலிருந்து நானும் என் மனைவி வசந்தாவும் காரில் கிளம்பினோம். பரமத்தி வேலூரில் நண்பர் சண்முகம் புதுவீடு கட்டியிருந்தார். மறுநாள் பால் காய்ச்சுகிறார்கள். கார் வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

ராசிபுரம் கடைத்தெருவில் ஐம்பது காசு டீ. ஊரைத் தாண்டியதும் இருபுறமும் வெடித்துக் கிடந்த மேட்டு நிலம். இரண்டு வருடமாக மழை இல்லை. புதுச்சத்திரத்துக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சட்டென்று ஏறிச் சிவப்பில் நின்றது.

பதறிப்போய் ஓரங்கட்டினேன். எதிரே ஒரு ஓட்டு வீடு. வாசலில் நின்ற பெண்ணிடம் தண்ணீர் கேட்டேன். பாவாயி என்று பெயர், கூலி வேலைக்குப் போகிறவர். மறுபேச்சின்றி ஒரு குடத்தைக் கொண்டுவந்தார். ரேடியேட்டர் மேல் அப்படியே கவிழ்த்தேன். இன்னும் வேண்டும் என்றேன். ஒரு கணம் தயங்கி, அடுத்த குடத்தையும் எடுத்து வந்தார்.

"ஊத்துங்க சாமி. காரு கெட்டுப்போனா எப்படி ஊரு போய்ச் சேருவீங்க?"

அதையும் ஊற்றிவிட்டு, துணி சுற்றி மூடியை மெல்லத் திறந்தேன். ஆவி வரவில்லை. உள்ளே தண்ணீர் விளிம்பு வரை இருந்தது. சாவியைத் திருப்பினேன், முள் இன்னும் சிவப்பில்தான். எஞ்சினின் சூட்டை அளந்து முள்ளுக்குச் சொல்லும் சென்சாரின் கம்பியைக் கழற்றினேன், முள் கீழே விழுந்தது. மாட்டினேன், மறுபடி சிவப்புக்குத் தாவியது. கெட்டது சென்சார் மட்டும்தான். நிறுத்தியதும் ஆவி வருகிறதா என்று பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். அவ்வளவு தண்ணீரும் புழுதியில் போயிருந்தது.

இதற்குள் வசந்தா பாவாயியிடம் பேசி விவரம் தெரிந்துகொண்டிருந்தாள். ஊர்க் கிணறு வற்றிவிட்டது. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்தில் காலையில் மட்டும் மோட்டார் ஓடும். அந்த இரண்டு குடமும் மறுநாள் காலை வரை வீட்டில் நான்கு பேருக்கும் ஒரு கன்றுக்குட்டிக்கும் வைத்திருந்தது.

குடங்களை வாங்கிக்கொண்டு புதுச்சத்திரம் போனோம். டீக்கடைக்காரர் தண்ணீர் தர மறுத்தார். வசந்தா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பெஞ்சில் இருந்த லாரிக்காரர்கள் அனைவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் குடங்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் தன் அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றினார்.

வசந்தா பின்சீட்டில் குடங்களை அணைத்துக்கொண்டு வந்தாள். மெதுவாகத்தான் ஓட்டினேன். ஆனாலும் பாதிக்கு மேல் சிந்தி, அவள் புடவை நனைந்துவிட்டது.

பாவாயியிடம் குடங்களைக் கொடுத்ததும், உண்மையைச் சொல்லாமலே கிளம்பிவிடலாம் என்று தோன்றியது. வசந்தா என் முகத்தையே பார்த்தாள். காருக்கு ஒன்றுமே ஆகவில்லை, உங்கள் தண்ணீரை வீணாக்கிவிட்டேன் என்றேன்.

"காரு கெடலீங்களா?" என்றார் பாவாயி. அவர் முகம் தெளிந்தது. "அப்ப நல்லதாப் போச்சுங்க. நான் பயந்துட்டே இருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கம்பியை மாட்டாமலே ஓட்டினேன். நாமக்கல் தாண்டி, வேலூர் நெருங்கியதும் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழையும் குளிர்ச்சியாக வந்தன. சண்முகம் வாசலிலேயே நிறைந்த வாளியோடு காத்திருந்து, எங்கள் காலில் தண்ணீர் ஊற்றினார். முதல் சொம்பிலேயே போதும் என்று தடுத்தேன்.

"இதென்னுங்க, நம்ம ஊட்டுல கூச்சப்படறீங்க?" என்று சிரித்தபடி, அடுத்த சொம்பை மொண்டார்.