ஈரத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு கடை

அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களின் பசி, வீட்டில் இருக்கும்போது வருகிற பசி மாதிரி இருக்காது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, தலையிலும் தோளிலும் தண்ணீரிடம் அடி வாங்கி, பல் கிடுகிடுக்க நடந்து வருவார்கள். அந்த நேரத்தில் ஊர், பேர், உத்தியோகம் ஒன்றும் அவர்களுக்கு நினைவில் இருக்காது. எங்கே புகை வருகிறது என்றுதான் கண் தேடும். குற்றாலத்தில் அந்தப் புகை எங்கள் அடுப்பிலிருந்து வந்தது.

நான் கடையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் வீட்டுக்காரர் அதற்கு முன்பே அந்தக் கடையை வைத்திருந்தார். கடை என்றால் ஓலைக் கொட்டகைதான். பஸ் நிற்கிற முக்குக்கும் அருவிக்கும் நடுவே பாதையோரம் இருந்தது. நடுவில் பெரிய அடுப்பு, அதைச் சுற்றிப் பலகைகள். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால் சாப்பிடச் சாப்பிடத் துணியும் பாதி காய்ந்துவிடும். இட்லி, உளுந்த வடை, சுக்குக் காப்பி, அவ்வளவுதான் நாங்கள் போட்டது.

நான் வந்த பிறகு, கொட்டகைக்குப் பின்னால் சாக்குப் படுதா கட்டி ஒரு மறைப்பு செய்தேன். குளித்துவிட்டு வருகிற பெண்கள் ஈரச் சேலையை மாற்ற அருவிப் பக்கம் ஒரு இடமும் கிடையாது. "இட்லிக் கடையில சீல மாத்த எடமா?" என்று எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சீசனிலேயே குடும்பம் குடும்பமாக எங்கள் கடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல வந்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அணா போய் நயா பைசா வந்து, கணக்கெல்லாம் ஒருவாறு பழகிவிட்ட காலம். பாதையை அகலப்படுத்தப் போகிறார்கள், ஓலைக் கொட்டகைகளை எடுத்துவிட்டு வரிசையாகக் காங்கிரீட் கடைகள் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பேச்சோடு போய்விடும் என்று நினைத்தோம். ஜல்லி வந்து இறங்கியது. முக்கில் பெரிய கட்டடம் எழும்பியது. வளையல் கடைக்காரர் தென்காசிக்குப் போய்விட்டார். பழக்கடைக்காரர் புதுக் கட்டடத்தில் ஓர் அறை எடுத்தார். எங்கள் கொட்டகை அருவிப் பக்கம் கடைசியில் இருந்ததால், "சீசன் முடியுத மட்டும் இருங்க. பொறவு ஆபீசர் வந்து பாத்து முடிவு சொல்லுவாரு" என்று பாதை வேலை பார்க்கிற ஆபீசிலிருந்து வந்த ஆள் சொல்லிவிட்டுப் போனான்.

புதுக் கட்டடத்தின் முக்குக் கடை மூன்றையும் சேர்த்து ஒரே ஹோட்டல் எடுத்திருந்தது. மதுரையில் பெரிய ஹோட்டல் அது. திருநெல்வேலியில் ஒரு கிளை, தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கிளை, இப்போது குற்றாலத்தில் ஒரு கிளை. எல்லா ஊரிலும் ஒரே பச்சை போர்டு, ஒரே மாதிரி எழுத்து. திறப்பதற்கு முன்னாலேயே அதன் மேனேஜர் எங்கள் கடைக்கு வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பேச்சில் மதுரை.

"அக்கா, உங்க கைப்பக்குவத்தைப் பத்தி எல்லாரும் சொல்றாய்ங்க. எங்க அடுப்படிக்கு வந்துருங்க. மாசச் சம்பளம். அண்ணன் சப்ளைக்கு நிக்கட்டும். புகை குடிக்க வேணாம், மழையில நனைய வேணாம்."

"எங்க கடை?" என்று கேட்டேன்.

"இதை எப்படியும் எடுக்கத்தானக்கா போறாய்ங்க?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

எங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்த சமயம். ஈர விறகுப் புகை அவருக்கு ஆகவில்லை. மேனேஜர் போன பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"யோசிச்சுப் பாரு ட்டி. சீசன் இல்லாத மாசத்துல நாம படுத பாடு ஒனக்குத் தெரியாதா?"

"அங்கன போனா இன்னைக்கு என்ன சட்னி அரைக்கணும்னு ஆரு சொல்லுவா?"

"அவுகதான் சொல்லுவாக."

"உப்புப் போடுதது?"

"அதுக்கு ஒரு மாஸ்டர் இருக்காராம்."

"அப்ப நான் எதுக்கு? ஆட்டுரலச் சுத்த ஆளு வேணும்னா செக்குமாட்டக் கட்டிக்கிடச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அந்த இருமலைக் கேட்டபிறகு நானும் கொஞ்சம் இறங்கி வந்தேன். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஆபீசர் வந்து கொட்டகையை எடுக்கச் சொன்னால் ஹோட்டல் அடுப்படிக்குப் போவது. விட்டுவைத்தால் இங்கேயே இருப்பது. என் கையால் பற்றவைத்த அடுப்பு எனக்கு இருக்குமா, அடுத்தவர் அடுப்பில் போய் நிற்பேனா என்பது அந்த ஆபீசர் வாயில் இருந்தது. சீசன் முழுக்க மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் மாவாட்டினேன்.

ஹோட்டலை மேளம் வைத்துத் திறந்தார்கள். வெள்ளைக் கல் பதித்த மேசைகள், சுவரில் ஆளுயரக் கண்ணாடி, ரேடியோ, தலைக்கு மேலே காற்றாடி. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி ஒருவர் எங்கள் கடையில் தினமும் சாப்பிடுகிறவர். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சாரல் அடிக்குத ஊருல காத்தாடி போட்டிருக்கான். குளுந்து சாவவா?" என்றார்.

"ருசி எப்படி அண்ணாச்சி?"

"நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்லப்பிடாது பாத்துக்கிடுங்க. மருதையில என்ன ருசியோ அதே ருசி இங்கனயும் இருக்கும்னு அந்த மேனேஜர் சொல்லுதாரு. அப்ப மருதையிலேயே தின்னுக்கிட வேண்டியதுதான, இம்புட்டு தூரம் எதுக்கு வரணும்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பலகைகள் காலியாகக் கிடந்தன. சாரல் பிடிக்கவில்லை, அருவியில் தண்ணீர் நூலாக வழிந்தது. குளிக்காமல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடிக்கும் ரேடியோவுக்கும் போனார்கள். நான் தென்காசிக்கு உளுந்து வாங்கப் போன அன்று, கோயிலில் கும்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த அந்தக் கிளைக்குள் நுழைந்தேன். பெண்கள் தனியாக ஹோட்டலுக்குப் போவது அப்போது வழக்கமில்லை. தட்டி மறைத்த குடும்ப அறை ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்து ஒரு நெய் தோசை வாங்கித் தின்றேன். நன்றாக இல்லை என்று சொன்னால் என் நாக்குக்கு அடுக்காது. ஓரம் முறுகலாக, நடுவில் மெத்தென்று, நல்ல தோசை. திரும்பி வருகிற பஸ்ஸில் உளுந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு முன்னைவிடப் பயம் கூடியிருந்தது.

ஆடியில் சாரல் பிடித்தது. பிடித்தால் குற்றாலத்தில் வானமும் தரையும் ஒன்றுதான். அருவி முழங்கியது. ஊர் ஊராகக் கூட்டம் வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள், பாதி எண்ணெய் உடம்பிலும் காலிலும் இருக்க, தலையில் ஈரத் துண்டோடு நேராகப் போய்ப் பெரிய ஹோட்டலில் ஏறினார்கள்.

ஹோட்டலின் தரை சிவப்புச் சிமெண்டு. முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. சங்கரன்கோவில் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவர் வாசலில் கால் வைத்தார், அடுத்து அவரைப் பார்த்தது கல்லாப் பெட்டிக்கு முன்னால். நடுவில் நடக்கவே இல்லை, உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தார். நல்லவேளை அடி ஒன்றும் படவில்லை. காரில் வந்து உலர்ந்த உடுப்போடு உட்கார்ந்தவர்களோ, பக்கத்து ஆள் துண்டிலிருந்து தோசையில் தண்ணீர் சொட்டுகிறது என்று சத்தம் போட்டார்கள். மேனேஜர் சாக்கு விரித்துப் பார்த்தார், சாக்கு ஊறிப்போனது. மரத்தூள் தூவிப் பார்த்தார், எண்ணெய்க் காலில் ஒட்டிக்கொண்டு மரத்தூள் மேசை வரைக்கும் வந்தது. மதுரைக்குத் தகவல் போனது. மதுரையிலிருந்து ஒரு போர்டு வந்து வாசலில் தொங்கியது.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவையும் வாசித்தேன்.

"என்னத்தா எழுதியிருக்கான்?" என்று எண்ணெய் அண்ணாச்சி கேட்டார்.

"ஈரத் துணியோட உள்ள வரப்பிடாதாம் அண்ணாச்சி."

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "குத்தாலத்துல கடய வச்சுக்கிட்டு நனையாம வரணுமா? கோயில் வாசல்ல கடய வச்சுட்டு, சாமி கும்பிட்டவன் வராதன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு."

வாசலில் காவலுக்கு நின்ற ஆள் எல்லாரையும் திருப்பிவிட்டான். ஆனால் அந்த மேனேஜர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. நடுங்கிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்து அவரே வெளியே வந்து எங்கள் பக்கம் கை காட்டினார்.

"அங்கன புகை வருதுல்ல, அந்த அக்கா கடைக்குப் போங்க. அடுப்புக்கிட்ட உக்காந்து சூடா சாப்பிடுங்க. துணி காய்ஞ்சதும் இங்க காப்பிக்கு வாங்க."

அப்படியே அது ஒரு வழக்கமாகிவிட்டது. இட்லிக்கு எங்களிடம், பில்டர் காப்பிக்கு அங்கே. பலகையில் இடம் போதாமல் ஆட்கள் நின்றுகொண்டே தின்றார்கள். படுதாவுக்கு வெளியே பெண்கள் முறை வைத்து நின்றார்கள்.

"ஏட்டி, சீலய மாத்திட்டு வெரசா வா. இட்லி தீருது" என்று இந்தப் பக்கமிருந்து ஒருவர் கூப்பிடுவார்.

"எனக்கு நாலு எடுத்து வையுங்க. இல்லேன்னா ராத்திரி வீட்டுல உலை ஏறாது" என்று படுதாவுக்குள்ளேயிருந்து பதில் வரும்.

நான் தட்டை இறக்கும் முன்னே அடுத்த தட்டுக்குக் கை நீளும். எங்கள் வீட்டுக்காரர் விறகைக் கொட்டகைக்குள்ளே அடுக்கி உலர்த்த ஆரம்பித்தார். புகை குறைந்தது. இருமலும் கொஞ்சம் குறைந்தது.

ஒருநாள் விடிகிற நேரம். தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் கொட்டகை ஓரமாக நடுங்கிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மேனேஜர்.

"உங்க போர்டு உங்களுக்கும் சேத்துதானா?" என்றேன்.

"நான் எழுதுனது இல்லக்கா, மதுரையில எழுதுனது. எங்க வாட்ச்மேன் என்னையே உள்ள விட மாட்டேன்னுட்டான். ரூல்னா ரூலாம்."

பலகையை அடுப்புக்கு நெருக்கிப் போட்டேன். இலையைப் பார்த்துக் குனிந்து, மேலும் மேலும் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "எங்க மாஸ்டர்கிட்ட சொல்லிராதீங்கக்கா" என்றார்.

"எதச் சொல்லப்பிடாது?"

"நான் எத்தனை இட்லி தின்னேன்னு."

நானும் சொல்லவில்லை. எண்ணெய் அண்ணாச்சியிடம் மட்டும் சொன்னேன்.

சாரல் ஓய்ந்து, கூட்டம் கலைந்தது. ஒருநாள் மத்தியானம் ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தது. அன்று நான் உளுந்து ஊறப்போடவில்லை. பாத்திரங்களை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். வேறொருவர் வந்து தூக்கினாலும் கரி இருக்கக் கூடாது என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார்.

ஜீப்பில் வந்த ஆபீசர் டேப்பைப் பிடித்து அளக்கச் சொன்னார். "கொட்டகை பாதையில ரொம்ப வந்துருக்கே" என்றார். அந்த நேரம் பார்த்து, ஹோட்டலிலிருந்து குடையோடு மேனேஜர் இறங்கி வந்தார். எங்கள் இடம் காலியானால் ஹோட்டலை இந்தப் பக்கம் நீட்டுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். இவர் வந்து ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் முடிந்தது.

"சார், இந்தக் கடையையா எடுக்கப் போறீங்க?"

"ஆமா. உங்களுக்கும் நல்லதுதானே" என்றார் ஆபீசர்.

"நல்லது இல்ல சார். இதை எடுத்தா ஈரத்தோட வர்ற அம்புட்டுப் பேரும் என் கடை வாசல்லதான் நிப்பாய்ங்க. உள்ள விட்டா தரை நாசம், விடாட்டி சண்டை. இந்த அக்கா கடை இருக்கிறதாலதான் நான் கடை நடத்துறேன்."

"பொம்பளையாளுவ துணி மாத்துத எடமும் இங்கனதான் இருக்கு, சார்வாள்" என்று பின்னாலிருந்து எண்ணெய் அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

ஆபீசர் பின்பக்கம் போய்ப் படுதாவைப் பார்த்தார். "இது யாரு கட்டினது?"

"நாந்தான்" என்றேன்.

அவர் பாதையைப் பார்த்தார், அருவிப் பக்கம் பார்த்தார். "ஓலை வேண்டாம், தகரம் போட்டுக்கோங்க. பாதையை விட்டுப் பாறைப் பக்கமா உள்ள தள்ளிக்கோங்க. அந்த மறைப்பையும் கொஞ்சம் ஒழுங்காக் கட்டுங்க. இருந்துட்டுப் போங்க."

இருந்துட்டுப் போங்க. அவருக்கு அது வாய்க்கு வந்த வார்த்தை. ஜீப்பில் ஏறும்போது மறந்திருப்பார். எனக்கு மட்டும் சீசன் முழுக்கப் பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேனேஜர் எங்களுக்காகப் பேசவில்லை, தன் தரைக்காகத்தான் பேசினார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. அவர் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த கடையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நான் ஒருநாளும் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

"என்னக்கா, தப்பிச்சாச்சா?" என்று குடையை மடக்கினார்.

"நாங்களா, நீங்களா?"

"ரெண்டு பேரும்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் கவிழ்த்து வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். ஒரு பானையை எடுத்து உள்ளே பார்த்தார்.

"உளுந்து ஊறப்போடலியாட்டி?"

"இல்ல."

தென்காசியில் வாங்கிய உளுந்தை அவரே அள்ளிப் பானையில் போட்டு, களைந்து, தண்ணீர் ஊற்றினார்.

"இனிமே ஊறி, ஆட்டி, பொங்கி வரணும். நாளைக்கு இட்லி பிந்தும்" என்றேன்.

"பிந்தட்டும்" என்றார் அவர். "ஈரத்தோட வாரவுக வேற எங்க போவாக?"