வெளியூர் போனவர்களின் பேட்டரிகள்

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில், டயர் கடைக்கும் தவிட்டுக் கடைக்கும் நடுவில் இருக்கிறது இசக்கிமுருகனின் கடை. மோட்டார் சைக்கிள் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பதுதான் தொழில். ஷட்டரைத் தூக்கினால் இடது பக்கம் சார்ஜர் பெட்டி, அதன் முன்னால் ஒரு மரப்பலகை. பலகையில் நாலைந்து பேட்டரிகள் மூடி கழற்றிய நிலையில், குஞ்சுகள் வாய் பிளந்தது மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும். காது கொடுத்தால் உள்ளே குமிழி விடுகிற சத்தம் கேட்கும்.

பின்சுவர் முழுக்க மூன்று தட்டு அலமாரி. அதில் இருக்கிற பேட்டரிகள் விற்பதற்கு இல்லை. அவையெல்லாம் ஊரில் இல்லாதவர்களுடையவை.

இது எப்படி வந்தது என்றால், புதூர்ப் பக்கத்து ஆட்கள் மழை பார்த்து விதைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒருவர் திருப்பூர், ஒருவர் எர்ணாகுளம், ஒருவர் மஸ்கட். வண்டி வீட்டு வாசலில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கும். ஆறு மாதம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் ஒரு வெளிச்சமும் வராது. சும்மா கிடக்கிற பேட்டரி தன்னைத்தானே தின்று தீர்த்துவிடும். இப்படி இரண்டு பேட்டரி பறிகொடுத்த ஒரு மஸ்கட்காரர்தான் ஒருநாள் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து, நான் வருகிறவரைக்கும் உம்மிடம் இருக்கட்டும் அண்ணாச்சி, மாசத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கரண்டு காட்டி வையும் என்று கேட்டார். அதற்கென்ன என்று இசக்கிமுருகன் வாங்கி வைத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். இப்போது எப்போது எண்ணினாலும் இருபத்தைந்துக்குக் குறையாது.

மாதத்துக்கு ஒரு தடவை என்பதை மறக்காமல் இருக்க அவர் அமாவாசையைப் பிடித்துக்கொண்டார். அமாவாசை விரதம் எப்படியும் மறக்காது. அன்றைக்குக் காலையில் குளித்து, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து, அலமாரியில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்குவார். ஆறு மூடியையும் திறந்து, கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரித் தண்ணீர் விடுவார். முனைகளில் பூத்திருக்கிற வெள்ளையையும் பச்சையையும் வெந்நீர் விட்டுத் தேய்த்து, துடைத்து, வாஸ்லின் தடவுவார். பிறகு சார்ஜ். கரிசல்காட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதைப் பேட்டரியில் விட்டால் தகடு போய்விடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அப்படியும் ஒருவர் ஊருணித் தண்ணீரை வேட்டியில் வடிகட்டி ஊற்றிக்கொண்டு வந்து நின்றார். சுத்தமாகத்தானே வடிகட்டினேன் என்று அவருக்கு வருத்தம்.

இசக்கிமுருகன் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். அதற்குப் பிறகு சில வருடம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை, பிறகு ஒரு டிராக்டர் பேட்டரிக் கடையில் பதினோரு வருடம், பிறகு இந்தச் சொந்தக் கடை. அவருடைய வேட்டி சட்டை எல்லாவற்றிலும் ஆசிட் பட்ட பொத்தல் இருக்கும். கோயிலுக்கு என்று வைத்திருக்கிற ஒரு வேட்டி மட்டும் பொத்தல் இல்லாதது. வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கட்டிக்கொண்டு செண்பகவல்லி அம்மனைப் பார்த்துவிட்டு வந்தால் அவருக்கு அந்த வாரம் போதும். பெரிதாக எதையும் கேட்கிறதில்லை. கை நடுங்காமல் இருக்கணும், கொடுத்த வாக்கு நிற்கணும், அவ்வளவுதான்.

அலமாரிக்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். வைத்தவர் வந்து எடுக்கணும், இல்லையென்றால் அவர் வாயால் சொல்லணும்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, திருப்பூரிலிருந்து சிவனாண்டி போனில் பேசினார். சித்திரையில் வாங்கிய புதுப் பேட்டரியை ஆனியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர். அவருடைய மனைவி சொர்ணத்தாய்க்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறதாம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்ச் சேரணும். ஊருக்கு முதல் பஸ்ஸே பத்து மணிக்குத்தான். பெய்த மழையில் காட்டுப் பாதை முழுக்கக் கரிசல் சேறு, சைக்கிள் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுற்றவிடாது. ரோட்டு வழியாகச் சுற்றிப் போனால் எட்டுக் கிலோமீட்டர். வீட்டில் ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்கிறது, ஆனால் அதற்கு உதைக்கிற கம்பி முறிந்து ரொம்ப நாள் ஆகிறது, பொத்தானை அமுக்கித்தான் கிளப்பணும். அதனால் பேட்டரியை அவளிடம் கொடுத்துவிடுங்கள் என்றார் சிவனாண்டி. பெண்டாட்டி வண்டி ஓட்டுவதில் அவருக்குப் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

“எனக்குத் தெரியாமலே பக்கத்து வீட்டு வண்டியில பழகியிருக்கா அண்ணாச்சி. எட்டுப் போடுதாளாம். நான் எட்டுப் போட்டதே கிடையாது.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் வாரேன் என்று சொர்ணத்தாய் சொல்லியிருந்தாள். காலையில் இசக்கிமுருகன் சிவனாண்டியின் பேட்டரியை இறக்கிப் பார்த்தார். நல்ல சார்ஜில்தான் இருந்தது. ஆனாலும் எட்டுக் கிலோமீட்டர் போகப்போகிற பேட்டரி, முழு வயிறாகப் போகட்டும் என்று அரை மணி நேரத்துக்கு மாட்டினார். அரை மணி நேரம்தானே என்று மூடிகளைத் திறக்கவில்லை. பக்கவாட்டில் காற்றுப் போக ஒரு சின்னக் குழாய் மூக்கு உண்டு, சிறு சார்ஜுக்கு அதுவே போதும், வழக்கமும் அதுதான். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எதிர் வரிசை மெக்கானிக் நல்லக்கண்ணுவிடம் சொல்லிவிட்டு, கோயில் வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கு அம்மனுக்கு அபிஷேகம். பால், தயிர், இளநீர் என்று ஒவ்வொன்றாக நடந்துகொண்டே இருந்தது. திரை விலகி தீபாராதனை காட்டியபோது இசக்கிமுருகனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பேட்டரி ஞாபகமே இல்லை. திரும்பி வந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

பேட்டரி வயிறு வீங்கி இருந்தது. இரண்டு பக்கமும் புடைத்து, ஒரு மூடியைச் சுற்றி ஆசிட் கசிந்து பலகையில் நுரைத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். ஆறிய பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தார். ஆறு மூடிக்குக் கீழே இருக்கிற ஆறு அறைகளில் ஒன்று செத்துப்போயிருந்தது, இனி அது தேறாது.

இரண்டு மணி நேரம் மறந்தது தப்புதான். ஆனால் அதற்கே இப்படி வீங்காதே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் மூக்கு கண்ணில் பட்டது. அந்தக் குழாய் ஓட்டையைச் சந்தனம் அடைத்திருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஆயுத பூசை. வருடா வருடம் அலமாரியில் இருக்கிற அத்தனை பேட்டரியையும் கழுவித் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது அவர் வழக்கம். சொந்தக்காரர்கள் எங்கோ இருக்கிறார்கள், அவர்கள் சார்பில் நாம் செய்யணும் என்று நினைப்பு. மூக்கு இருக்கிற பக்கம்தான் பேட்டரிக்கு முகம் என்பது அவர் கணக்கு. அதனால் பொட்டு மூக்குக்கு மேலே. இந்த வருடம் சந்தனப் பொடி குழைத்தால் நிற்காமல் உதிர்கிறது என்று குறைப்பட்டார். அவர் மனைவி பேச்சித்தாய், கல்யாணமான நாளிலிருந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள், அதற்கென்ன என்று தன் மைதாப் பசையிலிருந்து இரண்டு விரல் அளவு எடுத்துச் சந்தனத்தில் கலந்து கொடுத்தாள். பொட்டு அருமையாக நின்றது. கொஞ்சம் வழிந்து மூக்கிலும் இறங்கி, அங்கேயே காய்ந்து கல்லாகிவிட்டது. மூச்சு விட வழியில்லாத பேட்டரி என்ன செய்யும், வீங்கத்தான் செய்யும்.

நல்லக்கண்ணு வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த ரகப் பேட்டரி இப்போது கோவில்பட்டியில் எந்தக் கடையிலும் இல்லை, மதுரையிலிருந்து வரணும், புதன்கிழமைக்கு முன்னால் வராது என்றார். இசக்கிமுருகனும் நாலு கடைக்குப் போன் போட்டார். எல்லாரும் புதன்கிழமை என்றுதான் சொன்னார்கள். புதன்கிழமைக்குள் அந்தப் பெண்ணின் வேலை என்னாகும்? முதல் நாளே வராதவளுக்கு யார் வேலையை வைத்திருப்பார்கள்?

நல்லக்கண்ணு அலமாரியைக் காட்டினார். மேல் தட்டில் அதே ரகம் ஒன்று இருந்தது. குவைத்துக்குப் போன ஒருவருடையது. அவர் பங்குனிக்குத்தான் வருவார், போனில் கேட்கலாம் என்றால் அவருடைய குவைத் நம்பரும் கடையில் இல்லை.

“அதை எடுத்துக் குடும்வே. புதன்கிழமை புதுசு வந்ததும் மாத்தி வச்சிரலாம். யாருக்குத் தெரியப்போவுது?”

“அது அவியளது.”

“சரி, அப்பம் கம்பெனிக் கோளாறு, தானா போச்சுன்னு சொல்லும். அந்தப் பிள்ளை வந்து மூக்கைத் தோண்டியா பாக்கப் போவுது?”

நல்லக்கண்ணு கெட்டவர் இல்லை, நண்பன் அவமானப்படக் கூடாதே என்றுதான் சொன்னார். சொன்னால் சொர்ணத்தாய் நம்பவும் நம்புவாள். அதுதான் இசக்கிமுருகனுக்குக் கஷ்டமாக இருந்தது. நம்புகிறவளிடம் எப்படிச் சொல்வது? இப்போதுதான் அம்மன் முன்னால் நின்று, கொடுத்த வாக்கு நிற்கணும் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறோம். நெற்றியில் வைத்த குங்குமம்கூட இன்னும் உதிரவில்லை.

பஸ் பிந்தி வந்து, ஒரு மணிக்குச் சொர்ணத்தாய் கடைக்கு வந்தாள். ஒல்லியான பெண், சேறு படாமல் இருக்கச் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள். இசக்கிமுருகன் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வீங்கிய பேட்டரியை அவள் முன்னால் வைத்தார். சந்தனம், மைதா, அபிஷேகம், இரண்டு மணி நேரம் என்று ஒன்று விடாமல் சொன்னார். தன் கைப்பிழை, புதன்கிழமை புதுப் பேட்டரி வந்துவிடும், அது தன் பொறுப்பு என்றார். சொல்லி முடித்து அவள் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சொர்ணத்தாய் பேட்டரியை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

“எட்டு மாசக்காரி மாதிரில்லா இருக்கு. நீங்க பொட்டு வச்சு வளைகாப்பு நடத்திட்டீங்க அண்ணாச்சி.”

எதிர்க் கடையில் நல்லக்கண்ணு சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். சொர்ணத்தாய் சிரித்தாள், ஆனால் சிரிப்பு கண்ணுக்கு வரவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“திங்கக்கிழமைக்கு என்ன செய்யட்டும்? பக்கத்து வீட்டு வண்டி விடியுமுன்னே வேலைக்குப் போயிரும். சொந்தக்காரவியள்ட்டக் கேட்டா, வண்டியும் வேலையும் உனக்கு எதுக்குட்டின்னு கேப்பாவ. அதுக்குப் பயந்துதான் நான் யார்ட்டயும் போவல.”

அந்தக் கேள்வி இசக்கிமுருகனை உலுக்கியது. அந்த நிமிடம்தான், இத்தனை நேரம் அலமாரியையும் மதுரையையுமே பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கண் வாசலுக்குப் போனது. வாசலில் அவருடைய சொந்த ஸ்கூட்டர் நின்றது. பதினாலு வருடப் பழசு, அதே கம்பெனி, அதே ரகப் பேட்டரி. அவருடைய வண்டிக்கு உதைக்கிற கம்பி நன்றாக இருக்கிறது. பேட்டரி இல்லாவிட்டாலும் இரண்டு உதை கூடுதலாக உதைத்தால் ஓடும்.

இவ்வளவு நேரம் இது ஏன் தோன்றவில்லை என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. மற்றவர்களின் பேட்டரியைக் காவல் காத்துக் காத்து, தனக்கு ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

சீட்டைத் தூக்கி, முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு வயர் என்று கழற்றினார். முனைகளை வெந்நீர் விட்டுத் தேய்த்தார். ஆறு மூடியையும் திறந்து தண்ணீர் பார்த்தார். மூக்கில் ஈர்க்குச்சி விட்டுக் குடைந்து, வாயருகே வைத்து ஊதிப் பார்த்தார், காற்றுப் போனது. அதன் பிறகு ஒரு மணி நேரம் மூடி திறந்தபடியே சார்ஜ் போட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டீ வந்தபோதுகூட எழுந்திருக்கவில்லை. பேட்டரியை மாட்டுகிற விதத்தைச் சொர்ணத்தாயிடம் மூன்று தடவை சொன்னார், முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. மூன்றாவது தடவை அவர் சொல்லும்போது அவள், எட்டுப் போடத் தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா என்பது மாதிரிப் பார்த்தாள். கிளம்பும்போது, உங்க வண்டி ஓடுமா அண்ணாச்சி என்று கேட்டாள். ஹாரன் மட்டும் அடிக்காது, வழி விடுங்கன்னு வாயால கேட்டுக்கிடுதேன் தாயி என்றார். இந்தத் தடவை அவள் சிரிப்பு கண்ணுக்கும் வந்தது.

அவள் போன பிறகு அலமாரியில் இருந்த அத்தனை பேட்டரியையும் இறக்கி, ஒவ்வொரு மூக்கிலும் ஈர்க்குச்சி விட்டார். இன்னும் மூன்று அடைத்திருந்தது. சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது பேச்சித்தாய், என் பசை லேபிளையே வருசக்கணக்கில் பிடித்து நிறுத்துகிறது, ஒரு பொட்டை நிறுத்தாதா என்று முதலில் பெருமைப்பட்டாள். பிறகுதான் வருத்தப்பட்டாள். சிவனாண்டிக்கும் அவரே போன் போட்டுச் சொன்னார். அவ திங்கக்கிழமை போயிருவாளா அண்ணாச்சி, அது போதும் என்றார் சிவனாண்டி.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கே இசக்கிமுருகன் கடையைத் திறந்துவிட்டார். விடியற்காலையில் மழை பெய்திருந்தது. சூடம் ஏற்றிவிட்டு, போனை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு மணி ஆனது. எட்டே கால் ஆனது. நல்லக்கண்ணு எதிர்க் கடையிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார்.

எட்டரைக்குப் போன் அடித்தது. பின்னால் பாத்திரம் உருட்டுகிற சத்தமும் பிள்ளைகளின் கூச்சலுமாக இருந்தது.

“வந்து சேந்துட்டேன் அண்ணாச்சி, எட்டுக்குப் பத்து இருக்கும்போதே. ஒரே அமுக்குல எடுத்துட்டு. கையெழுத்துப் போட்டாச்சு. இருநூறு முட்டை அவிச்சு உரிக்கணுமாம், இப்பம் வைக்கேன்.”

இசக்கிமுருகன் போனை மேசையில் வைத்தார். என்னவாம் என்று நல்லக்கண்ணு கேட்டார்.

“முட்டை உரிக்காளாம்” என்றார் இசக்கிமுருகன். சொல்லிவிட்டு, சட்டைப் பொத்தலில் விரலை விட்டபடி, கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.