மேசைக்கு அடியில் இருந்த கட்டு

அந்த மேற்படிப்பு ஆபீசில் பெருக்கித் துடைக்க நான் சேர்ந்தபோது, அது மெஸ்ஸுக்கு மேலே ரெண்டு ரூம். எப்பவும் சாம்பார் வாசனை அடிக்கும். இப்போது கண்ணாடிக் கதவு போட்ட நாலு மாடி. இயக்குநர் ரூம் வாசலில் பேர்ப்பலகை நாலு தடவை மாறியாச்சு. சூப்பிரண்டு மட்டும் மாறவில்லை. போன ஆடி வரைக்கும் நானும்தான். ஆனால் நான் யார் கண்ணிலும் படமாட்டேன். எனக்கும் அதுதான் சௌகரியம். நாலு பேர் பார்த்தால் எனக்கு வேலை ஓடாது.

அஞ்சாவது படித்த எனக்கு அந்த ஆபீஸ் வேலை புரிந்தது இவ்வளவுதான். பிள்ளைகள் வருஷக்கணக்காய் ஆராய்ச்சி பண்ணி, புத்தகமாய் எழுதிக் கொடுப்பார்கள். அதை வெளியூர் வாத்தியார்களுக்குத் தபாலில் அனுப்பணும். அவர்கள் படித்துவிட்டு, நேரில் வந்து கேள்வி கேட்டால்தான் பட்டம். அனுப்புகிற வேலை சூப்பிரண்டுடையது.

போன பங்குனியில் ஒரு பொண்ணு அப்படித் தன் புத்தகத்தைக் கொடுத்தாள். திருநெல்வேலிப் பக்கம். அண்ணனுக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் வேலை, படப்பையில் வாடகை ரூம்; அவனோடு தங்கியிருந்தாள். வாரா வாரம் வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

"புத்தகம் வாத்தியார்ட்ட போயாச்சு, பதில்தான் வரலன்னு சொல்லுதாவ ஆச்சி. தைக்குள்ள முடியலன்னா பதிவையே ரத்து பண்ணிருவாவளாம். ஏழு வருசப் பாடு" என்று ரசீதை எடுத்துக் காட்டினாள். இங்கிலீஷ் எனக்கு வராது. நம்பர் தெரியும். நானூத்திப் பதினேழு.

ஆடி மாசம் ஒரு நாள் குனிந்து துடைக்கிறேன். சூப்பிரண்டு மேசைக்கு அடியில் காக்கித்தாள் சுற்றின கட்டு. அதன் மேல் அவர் ரெண்டு காலும். அவருக்குக் கால் வீக்கம், மேலே வைத்துக்கொண்டால் சுகம். வெடித்த குதிகாலுக்குக் களிம்பு வேறு தடவியிருந்தார். தாளெல்லாம் பிசுக்கு. பங்குனியிலிருந்து அந்தக் கட்டைச் சுற்றித்தான் நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அதில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தேன். நானூத்திப் பதினேழு.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சிலேட்டில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொள்ளச் சொல்வார்கள். காசுக்காக மடக்கி வைத்திருந்தாலாவது ஒரு காரணம் என்பேன். இது வெறும் சோம்பல். காலுக்கு உயரம் சரியாய் இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது அவர் விழா மலருக்கு ஆபீசின் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார், டைப்பிஸ்ட் பொண்ணு எழுதிக்கொண்டிருந்தாள். "போட்டுக்கம்மா. ஒவ்வொரு மாணவரின் உழைப்பையும் இப்பிரிவு கண்ணைப் போல் காத்து வருகிறது."

வாளியைக் காலால் தள்ளிவிட்டேன். பினாயில் தண்ணி மேசைக்கு அடியில் ஓடியது. அவர் பதறிக் காலைத் தூக்கினார். நான் கட்டை எடுத்துக்கொண்டேன்.

"ஏ ஆயா, இன்னா பண்றே? அத்த எங்க தூக்கினு போறே?"

"நனைஞ்சிடும் சார்."

"அங்கயே வெய்யி! சொல்றது காதுல வியுதா?"

"வுடுங்க சார். காலுக்கு வேற தலகாணி வாங்கிக்கலாம்" என்றாள் டைப்பிஸ்ட்.

நான் காது கேட்காதவள் மாதிரி வெளியே போய், அன்றைக்கும் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த அந்தப் பொண்ணு பக்கத்தில் கட்டை வைத்தேன். அவள் நம்பரைப் பார்த்தாள். பிசுக்கைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே இயக்குநர் ரூமுக்குள் போனாள்.

அன்றைக்கே தபாலில் போயிற்று. சூப்பிரண்டிடம் இயக்குநர் கேட்டது, "கொஞ்சம் கவனிக்கக்கூடாதா?" அவ்வளவுதான். என்னை ஹாஸ்டல் கக்கூசுக்கு மாற்றினார்கள். அந்த நாற்றம் எவ்வளவோ பரவாயில்லை.

மார்கழியில் கேள்வி கேட்கிற நாள் வந்தது. அவளே ஹாஸ்டலுக்கு வந்து, "பொறத்தால நின்னாப் போதும், வாங்க ஆச்சி" என்று கூட்டிப் போனாள். கதவோரம் நின்றேன். கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்கென்று பதில் சொன்னாள். வெளியூர் வாத்தியார் பட்டம் கொடுக்கலாம் என்றதும் எல்லாரும் கைதட்டினார்கள். சால்வைத் தட்டோடு முன்னால் நின்றவர் சூப்பிரண்டு.

வாத்தியார் புத்தகத்தை மூடும்போது அட்டையில் அழுந்தியிருந்த பள்ளத்தை விரலால் தடவினார். "தபால்ல நசுங்கிடுச்சு போல."

"ஆமா சார்" என்றார் சூப்பிரண்டு. "தபால்காரனுங்களுக்குப் படிப்போட அருமை எங்க தெரியுது?"

நான் வெளியே வந்து வாசல் குரோட்டன்ஸ் செடியில் காறித் துப்பினேன். நான் பெருக்கின இடத்தில் நானே துப்பினது அதுதான் முதல் தடவை.